அதிர்வுப் புகார்

“ஒங்க வெடியால என் வீட்டுல நிம்மதியே போச்சும்மா! மூணு லெட்டர் போட்டாத்தான் வருவீங்களா?”

கதவைத் திறந்ததுமே பொரிந்து தள்ளினாள் புஷ்பவள்ளி. கல்குவாரியில் வெடியின் அதிர்வைக் கண்காணிக்கும் அஃப்ரீன், தீவிலுள்ள ஜார்ஜ் டவுனிலிருந்து கடல் பாலம் தாண்டி வந்த களைப்பை மறைத்துக்கொண்டு சிரித்துவைத்தாள்.

“சாரிக்கா. எப்போலேருந்து இந்தப் பிரச்சினை?”

“கரெக்டா மூணு வாரம்.”

அஃப்ரீனுக்குப் பகீரென்றது. மூன்று வாரத்துக்கு முன்புதான் அவள் வெடிமருந்தைப் பாதியாகக் குறைத்திருந்தாள். மருந்து நிரப்பிய எல்லாக் குழியும் ஒன்றாக வெடிக்காமல், இமைப்பொழுது இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வெடிக்கும்படியும் மாற்றியிருந்தாள். குவாரிக் குன்றடியில் குடியிருந்த அத்தனை பேரும் நன்றி சொன்னார்கள். இந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் வாரம் தவறாமல் புகார்.

‘அந்தம்மாவ இன்னிக்குச் சமாதானப்படுத்தலன்னா, ஒன் திட்டத்த மூட்டை கட்டிரு’ என்று மேனேஜர் தயாளன் சொல்லி அனுப்பியிருந்தார்.

“செவுரு எங்கயாச்சும் விரிசல் விட்டிருக்காக்கா?”

“செவுரு கெடக்கட்டும்! நான் மனுஷியா வாழ வேணாமா? தூக்கமில்ல, சோறு எறங்கல.”

அஃப்ரீன் சுவரோரம் சின்னக் குழி தோண்டி, அதிர்வுமானியின் முனையைப் புதைத்தாள். பன்னிரண்டரைக்குக் குவாரியில் சங்கு ஊதியது. புஷ்பவள்ளி தூணைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். அவள் உதடுகள் முருகனைக் கூப்பிட்டன.

எங்கோ தூரத்தில் ‘தொப்’பென்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடிகூட அசையவில்லை.

“பாத்தீங்களாக்கா!” அஃப்ரீன் மானியில் விழுந்த எண்ணைக் காட்டித் துள்ளினாள். “அதிர்வுக்கு நாங்க வெச்ச வரம்பு மூணு. இது ஒன்னுகூட இல்ல. ரோட்டுல லோரி போனாக்கூட இதவிட ஆடும்லா!”

புஷ்பவள்ளியின் முகம் தொங்கிப்போனது. உள் அறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அஃப்ரீனின் காதருகே குனிந்தாள்.

“அதாம்மா என் புகாரே! கெப்பாலா பத்தாஸ்ல அவங்க வீட்டுக்குச் சாயம் பூசுறாங்கன்னு, ஒரு வாரத்துக்கு வந்த என் நாத்தனா, அஞ்சு மாசமா இங்கதான். வெடிக்குப் பயந்து ஒருவழியா பெட்டியக் கட்டுனாங்க. அன்னிக்குன்னு பாத்து நீங்க வெடியக் கொறைச்சிட்டீங்க. புண்ணியமாப் போவும், ஒரே ஒரு வாட்டி பழையபடி வெடிங்கலா!”