முதல் ஹார்ன்

ஆட்டம் முடிய இன்னும் ஆறு நிமிடம். சுன்வா காரின் முன்கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் மூச்சே அதை மறுபடி மங்கலாக்கியது.

வெளியே மழை. மைதானத்தைச் சுற்றி நாற்பது கார்கள் மூக்கை உள்ளே நீட்டி நின்றன. ஃபாரோ தீவுகளில் அக்டோபரில் குடை பிடித்துக் கால்பந்து பார்க்க முடியாது. காற்று குடையோடு ஆளையும் கடலில் போட்டுவிடும்.

காருக்குள் கை தட்டி யாருக்குக் கேட்கப்போகிறது? நல்லது நடந்தால் ஹார்ன்தான். ஒருவர் ஆரம்பித்தால் போதும், மற்ற முப்பத்தொன்பதும் சேர்ந்துகொள்ளும்.

ஸ்கார்விக் அணி கோல் எதுவும் போடாமல், வாங்காமல் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் இடம் கிடைத்தால் அடுத்த ஜூலையில் ஐரோப்பியப் போட்டி. அதற்கு இங்கே ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால், தெற்குத் தீவில் ஒரு கோல் முன்னால் இருக்கும் ஹாமர் அணி பதிலுக்கு ஒரு கோல் வாங்க வேண்டும். அப்போது இந்த டிராவே போதும்.

ஸ்கார்விக் கேப்டன் ஹெய்னி அவள் கணவன். மீன் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். வயது முப்பத்தாறு. இதுதான் உனக்குக் கடைசி சீசன், ஐரோப்பா கிடைத்தால் மட்டும் ஜூலை வரை வைத்துக்கொள்கிறேன் என்று கோச் சொல்லிவிட்டார்.

மீன்பிடிப் படகைத் தவிர வேறெதிலும் ஏறி ஃபாரோவைத் தாண்டாதவன் போன வாரம் பாஸ்போர்ட் எடுத்தான். இருக்கிற ஒரே டையைக் கட்டிக்கொண்டு எடுத்த படம். அந்தப் பாஸ்போர்ட் இப்போது காரின் டாஷ்போர்டு அறைக்குள் இருந்தது.

கைப்பேசி வராத வருடம் அது. காலையில் பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டே அவன் சொன்னான். "அங்க நடக்கறத நீ கேளு. நல்ல சேதின்னா அடி. எனக்கு ரேடியோ நீதான்."

தெற்குத் தீவு ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்த கார் ரேடியோ திடீரென்று கத்தியது. ஹாமர் ஆள் கையில் பந்து பட்டுவிட்டது. எதிரணிக்குப் பெனால்டி!

சுன்வாவின் கை தானாக ஹார்ன் மேல் போய் உட்கார்ந்தது. அந்த ஹார்ன் கடற்காற்றில் துருப்பிடித்தது. ஒருமுறை தும்மிவிட்டுத்தான் கத்தும். ஊரார் வீட்டு வயரையெல்லாம் சரிசெய்கிறவனுக்கு இதைச் சரிசெய்ய மட்டும் ஞாயிற்றுக்கிழமை வாய்க்கவில்லை.

"ஓடி வர்றான்... அடிக்கிறான்..."

அவள் அழுத்திவிட்டாள்.

யோசித்து அழுத்தவில்லை. ஒரு நொடி பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஜன்னலை மூடி ரேடியோவை அலறவிட்டிருந்த பக்கத்துக் கார், கடைக்கார ஓலியுடையது, உடனே சேர்ந்தது. அப்புறம் எல்லாமே. மலை அந்தச் சத்தத்தைத் திருப்பி அனுப்பியது. ரேடியோ என்ன சொன்னதென்று ஒருவருக்கும் கேட்கவில்லை.

அவள் காருக்கு எதிரே, கோட்டோரத்தில் நின்ற ஹெய்னி சட்டென்று தலையைத் திருப்பினான். பிறகு தன் பையன்களைப் பார்த்துக் கையமர்த்தினான். போதும், இனி முன்னேற வேண்டாம். பந்தை மூலைக்கொடிக்குக் கொண்டுபோய், கோழி அடைகாப்பதுபோல அதன்மேல் நின்றுகொண்டான்.

சத்தம் அடங்கியபோது ரேடியோ நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கம்பத்தில் பட்டு வெளியே போய்விட்டது. இன்னமும் ஹாமர்தான் ஒரு கோல் முன்னால்.

ஹார்ன் அடிக்க வழக்கம் உண்டு. அடித்ததைத் திரும்ப வாங்க வழக்கம் இல்லை.

ஓலி இறங்கி ஓடினான். சிலர் முன்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். காற்று ஒரு சொல்லையும் உள்ளே விடவில்லை.

பையன்கள் சிரித்துக்கொண்டே திரும்பக் கையசைத்தார்கள். எதிரே நின்ற கோச்சும் கையசைத்தார். இழக்கவும் பெறவும் ஒன்றுமில்லாத எதிரணி பந்தைப் பிடுங்க அவசரப்படவில்லை.

கடவுளே, அவனை ஒரு தடவை இந்தப் பக்கம் பார்க்க வை என்று சுன்வா வேண்டிக்கொண்டாள். அவன் பார்க்கவே இல்லை.

விசில் ஒலித்தது. சேற்றில் பதினொரு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். ஓலி கோச்சின் காதில் சொன்னான். கோச் போய்க் குவியலில் சொன்னார். குவியல் மெதுவாகக் கலைந்தது.

"எவன்டா முதல்ல அடிச்சது? அந்தக் கைய முறிக்காம விடமாட்டேன்!" ஓலி ஒவ்வொரு காராகத் தட்டினான். பாதிரியாரின் காரைக்கூட விடவில்லை. அவள் ஜன்னலுக்கும் வந்தான். "சுன்வா, நீ பாத்தியா?"

"எனக்கென்ன தெரியும்? எனக்குக் காதே அடைச்சுப் போச்சு."

தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்ததில் அவளுக்கே பயமாக இருந்தது.

ஹெய்னி சேறும் மழையுமாக வந்தான். கூட்டம் வழிவிட்டது.

"விடு ஓலி. பந்த மூலைக்குக் கொண்டுபோனது நான்தானே? ஹார்னா கொண்டுபோச்சு?"

காருக்குள் உட்கார்ந்து, கை துடைக்கத் துணி தேடி டாஷ்போர்டு அறையைத் திறந்தான். பாஸ்போர்ட்டைப் பார்த்தான். துணியை எடுக்காமலே மூடினான்.

சொல்லிவிட வேண்டும் என்று சுன்வா வாயைத் திறந்தாள். ஆனால் வண்டியைத்தான் கிளப்பினாள்.

ஜெயித்தாலும் தோற்றாலும், வெளியேறும் ஒவ்வொரு காரும் கிளப் வாசலில் நிற்கும் பையன்களுக்கு ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போகும். ஆறுதலோ பாராட்டோ, அது ஊர் மரியாதை. மழையில் தலைகுனிந்து பையன்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் போன ஓலி ஒன்று அடித்தான். பாதிரியார் ஒன்று அடித்தார்.

அடுத்தது அவள். பழக்கத்தில் கை ஹார்னுக்குப் போனது.

சேறு காயாத ஹெய்னியின் கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"வேணாம்," என்றான் நேரே பார்த்தபடி. "இந்தத் தும்மலத் தனியாக் கேட்டா பசங்களும் கண்டுபிடிச்சிடுவாங்க."