பலகைக்கு ஒரு முடிவு

"கட்டில் வேணாம் கஸ்பாரு. அலமாரியாப் பண்ணிரு" என்றாள் சூசையம்மாள்.

போன ஞாயிறு கட்டில். அதுக்கு முந்தி சாய்வு நாற்காலி. தச்சுவேலை செய்யும் கஸ்பார் முகம் சுளிக்கவில்லை. மறுபடி டேப்பை விரித்து அளந்தான். காபியைக் குடித்தான். டவுன் கதையெல்லாம் பேசினான். "எதுக்கும் யோசிச்சு வைங்கக்கா" என்று கிளம்பிப் போனான்.

பலகை அப்படி! கொல்லையில் காத்துக்குச் சாய்ந்த பேரிக்காய் மரம். அறுத்துப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு, தொட்டால் அத்தனை வழவழப்பு. "காயட்டும், நல்லதா ஒண்ணு பண்ணுவோம்" என்ற அவள் புருசன் பரமானந்தம், அது காயுமுன்னே கல்லறைக்குப் போய்விட்டார். மகள் மெட்ராஸில். சூசையம்மாளுக்கு மிச்சம் வட்டக்கானல் மலைச்சரிவில் இந்த வீடும், சன்னல் வரை வந்து நிற்கும் மேகமும்தான்.

மறுநாள் பக்கத்து வீட்டு கித்தேரியம்மாள் வேலியோரம் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மதினி, உங்களுக்கே நல்லாருக்கா? சீசன் நேரம். லாட்ஜுக்காரன் கட்டில் கேட்டு கஸ்பாரு உசிரை எடுக்குறான். அந்தச் சோலியை எல்லாம் போட்டுட்டு, பூசை முடிஞ்ச கையோட இம்புட்டு எறக்கம் எறங்கி வர்றான். நீங்க என்னடான்னா வாரத்துக்கு ஒண்ணு சொல்லி அலைக்கழிக்கிறீங்க!"

சூசையம்மாளுக்குச் சுருக்கென்றது. கித்தேரியம்மாள் சொன்னதில் என்ன தப்பு?

நிசத்தில் அவளுக்குக் கட்டிலும் வேண்டாம், அலமாரியும் வேண்டாம். சாமான் செய்து முடித்துவிட்டால் அவன் எதுக்கு இந்தப் பக்கம் வரப்போகிறான்? வாரம் பூராவும் அவள் வாய் திறந்து பேசுவது அந்த ஒரு பொழுதுதான். அதுக்காக ஒருத்தன் பிழைப்பைக் கெடுக்கலாமா? சீ என்று இருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் உட்காருமுன்பே சொல்லிவிட்டாள்.

"மேசை, கஸ்பாரு. இனி மாத்தமாட்டேன். இன்னிக்கே பலகையைத் தூக்கிட்டுப் போயிரு."

சுவரோரம் சாய்த்திருந்த பலகையைக் காட்டினாள்.

கஸ்பார் திருதிருவென்று விழித்தான். பலகையைத் தடவினான், புரட்டினான், தட்டிப் பார்த்தான்.

"இன்னும் ஈரம் கெடக்குங்கக்கா. அவசரப்பட்டா வளைஞ்சிரும். நல்லா யோசிங்க."

"யோசிச்சாச்சுப்பா. உன் சோலியை நான் கெடுத்தது போதும். அளந்து, பலகை மேலயே கோடு போட்டுரு. கோடு விழுந்துட்டா எனக்கும் மனசு மாறாது. எங்க உன் பென்சில்?"

கஸ்பார் சட்டைப் பையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"இங்க வர்றப்ப அதை நான் ஒருநாளும் கொண்டாந்ததே இல்லீங்கக்கா. காபியைப் போடுங்க."