மாசிலாமணியின் தொண்டை

காதல் திருமணத்தை ஆதரித்தும் எதிர்த்தும் பட்டிமன்றங்களில் பேசி, இரண்டு பக்கமும் கைதட்டலை அள்ளியவர் மாசிலாமணி. அன்று சாயங்காலம் அவருடைய மகள் நிறைமதி எதிரே வந்து உட்கார்ந்து, “ஜோயலைக் கட்டிக்கட்டுமாப்பா? நீங்க வேணாம்னா விட்டுடறேன்” என்றாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார். “நம்ம சாதிசனம் காறித் துப்பாதா?” என்று, செத்துப்போன அவருடைய அப்பாவின் குரல் வெற்றிலை குதப்பும் சத்தத்தோடு வந்தது.

நிறைமதி சிரித்துவிட்டாள். “தாத்தா மிமிக்ரியை அப்புறம் வெச்சுக்கலாம். நீங்க என்ன நெனைக்கிறீங்க, அதைச் சொல்லுங்க.”

அவர் மிமிக்ரி செய்யவில்லை. பதறிப்போய் மறுபடி முயன்றார். அவருக்குப் பாடம் எடுத்த கல்லூரிப் பேராசிரியரின் கணீர்க் குரல் சாதியையும் மதத்தையும் சாடி முழங்கியது. அடுத்து, இளவயதில் அவர் கொடி பிடித்த கட்சியின் மேடைக்குரல். அதற்கும் பின்னால், காலையில் அவர் தவறாமல் பார்க்கும் டிவி ஜோசியரின் குரல், ஜோயலுக்கு என்ன ராசி என்று கேட்டது. ஒவ்வொரு குரலும் வெளியேற வெளியேற, நெஞ்சுக்குள் சாமான் காலி செய்த வீடு போல எதிரொலித்தது.

“பயமா இருக்குப்பா. அவங்க யாரும் வேணாம். நீங்க பேசுங்க.”

மாசிலாமணி மறுபடி வாயைத் திறந்தார். எங்கோ ஆழத்திலிருந்து ஒரு குரல் தட்டுத்தடுமாறி ஏறி வந்தது. இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்காத பிள்ளையின் கீச்சுக்குரல். மாசிலாமணிக்கே அது புதிதாக இருந்தது. அது அவருடைய கண்களால் நிறைமதியை ஏற இறங்கப் பார்த்தது.

“அக்கா, நீங்க யாரு?”