நீதிபதியின் சுண்டுவிரல்

"நீ நம்ம ரத்தமே இல்ல, வீட்டை விட்டுப் போன்னு அண்ணன் சொல்றான் மேடம். இதைப் பாருங்க!"

டிரிஸ்ட்ரம் தன் கோணல் சுண்டுவிரலை நீட்டினான். அந்த லண்டன் கடையில் அவன் தேடிப் பிடித்திருந்த, செம்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த பழைய படத்தில், அவனுடைய முப்பாட்டனார் நீதிபதிக்கும் அதே கோணல் விரல்.

கடைக்காரி மொய்ரா இன்னொரு படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே கோட்டு, அதே விரல். முகம் மட்டும் வேறு.

"இந்தப் பிரபுவை உங்க நீதிபதி தூக்குல போட்டாரு. அப்புறம் இவர் படத்தை எவன் வாங்குவான்? தகட்டுல தலையை மட்டும் சுரண்டிட்டு, உங்காளு தலையைச் செதுக்கிட்டாங்க. விரல் பிரபுவோடது."

டிரிஸ்ட்ரம் தன் விரலையும் பிரபுவின் விரலையும் மாறி மாறிப் பார்த்தான். "பிரபுவோட மாளிகை என்னாச்சு?"

"பறிமுதல் பண்ணி நீதிபதிக்கே குடுத்தாங்க. உங்கண்ணன் உங்களைப் போகச் சொல்ற வீடு அதுதான்."

அவன் முகம் மலர்ந்தது.

"அப்ப வெளிய போக வேண்டியவன் அவன்தான்! ரெண்டு படத்தையும் கட்டுங்க மேடம்."