கன்னிப் பேச்சு

காரமடை மில் வாசலில் பெரிய திரை கட்டச் சொன்னதே முதலாளி பாலகோபால்தான். மகள் ஹர்ஷிணி எம்.பி. ஆகி, மக்களவையில் முதல் முறையாகப் பேசப்போகிறாள். வேலையை நிறுத்திவிட்டு ஆட்களெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“தனபாலு, பாப்பா பேசி முடிச்சதும் நீங்கெல்லாம் தட்டற தட்டுல கட்டடம் அதிரோணும்.”

“செரிங்க மொதலாளி.”

மனைவி பங்காரம்மாவுக்குத்தான் பதற்றம். “ஏனுங்க, தைரியமாப் பேசிப்போடுவாளா?”

“காலையில போன் பண்ணி, ‘ஊர்ப் பிரச்சினையப் பேசட்டுங்களாப்பா?’ன்னா. ‘தாராளமாப் பேசு கண்ணு. ஆனா பொத்தாம்பொதுவாப் பேசாத, பேரச் சொல்லிப் பேசு. அப்பத்தான் சபை திரும்பிப் பாக்கும்’னு சொல்லிப்போட்டேன்.”

ஊருக்குக் கூடுதல் ரயில் கேட்டுத்தான் பேசுவாள் என்று அவர் நினைத்திருந்தார். தேர்தலில் வீடு வீடாகப் போய் அவரே கொடுத்த வாக்குறுதி அது.

திரையில் ஹர்ஷிணி எழுந்தாள்.

“சபாநாயகர் அவர்களே, காரமடைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் சிவப்பாக வருகிறது. அதில் குளிக்கும் குழந்தைகளுக்குத் தோல் வெடிக்கிறது. சாயக்கழிவைத் திறந்துவிடும் ஆலை எதுவென்று ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. பேரைச் சொல்லிப் பேசு என்று இன்று காலை என் அப்பா சொன்னார். சொல்கிறேன். பங்காரம்மா மில்ஸ்.”

பங்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“பெத்த மகளே கழுத்தறுத்துப்போட்டாளே!” என்றார் பாலகோபால்.

ஹர்ஷிணி பேசி முடித்து உட்கார்ந்தாள். தனபால் மெல்ல எழுந்து முதலாளியின் முகத்தைப் பார்த்தான். பிறகு கைதட்டினான்.

அவர் சொன்னபடியே கட்டடம் அதிர்ந்தது.