கேப்டன் கரடியின் கடைசிச் சுற்று

காட்டுக் கல்லூரியின் பனிச்சறுக்கு அணியில் மூன்றே பேர்: கேப்டன் கரடி, நரி, புதிதாகச் சேர்ந்த முயல். பனி விழும் முன்பே கரடி பயிற்சி முகாமைத் தொடங்கிவிட்டது. சறுக்குக் கட்டைகளில் சக்கரம் மாட்டிக்கொண்டு மேடேறச் சொன்னது. முயலுக்கு நாக்குத் தள்ளியது.

"களைப்பெல்லாம் மனசுலதான்டா இருக்கு," என்றது கரடி, பாறையில் உட்கார்ந்து தேனடையை நக்கியபடி. "ரிலே பந்தயத்துல கடைசிச் சுற்று என்னோடது. அதை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க."

இப்படி ஒரு கேப்டன் கிடைத்ததே என்று முயல் உருகிப்போனது.

முதல் பனி விழுந்தது. கரடி கொட்டாவி விட்டபடி குகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"எழுப்பலாமா?" என்றது முயல்.

"இடியே விழுந்தாலும் வசந்தம் வரைக்கும் எழுந்திருக்காது. வருஷா வருஷம் இதே கதைதான்," என்றது நரி.

ஆள் குறைந்தால் அணியையே கலைத்துவிடுவார்கள். அதனால் பந்தயத்தன்று இரண்டும் தங்கள் சுற்றை முடித்த கையோடு, தூங்கும் கரடியைக் கட்டைகளில் நிறுத்தி, அக்குளில் கோல்களை முட்டுக்கொடுத்து, மேட்டின் உச்சிவரை தள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கம் விட்டன. குறட்டையை உறுமல் என்று நினைத்து ஓநாய் அணி விலகி வழிவிட்டது. கரடி முதலிடம்.

வசந்தத்தில் கண் விழித்த கரடி, கழுத்தில் தொங்கிய பதக்கத்தைப் பார்த்துக் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"பார்த்தீங்களா, உடம்புல ஒரு சொட்டுக் களைப்பு இல்லை. பயிற்சின்னா இதுதான்."

பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற முயலைப் பார்த்து உச்சுக்கொட்டியது.

"உனக்குத்தான் இன்னும் பயிற்சி போதலை. நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துடு."