ஐந்தும் திரும்பின

திரையில் ஐந்து புள்ளிகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

துறைமுகக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து புயல் எச்சரிக்கையை அனுப்பிவிட்டு நாற்காலியில் சாயப்போனவளுக்கு இன்னும் முதுகு படவில்லை. அதற்குள் ‘படித்தாயிற்று’ என்ற பதில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து வந்துவிட்டது. ஒவ்வொரு படகிலும், அது இருக்கும் இடத்தைத் திரையில் பச்சைப் புள்ளியாகக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று உண்டு. செய்தி அதில் போய் ஒலிக்கும். படித்ததும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற நாட்களில் அந்தப் பொத்தானை அமுக்க வைப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிடும்.

ஐந்தில் ஒன்று அவள் கணவருடைய படகு.

“ஒரே மெசேஜ்ல திரும்பிட்டாரே மாமா,” என்றாள் பக்கத்து மேசைப் பெண். “வீட்டுலயும் இப்படித்தானாக்கா?”

“வீட்டுல நாலு தடவ கூப்பிட்டாத்தான் சாப்பிடவே எந்திரிப்பாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் சொல்லி அவர் எதற்கும் திரும்பியதில்லை.

வெளியே காற்றே இல்லை. கம்பத்தில் கொடி துவண்டு கிடந்தது. மத்தியான வெளிச்சம் மஞ்சளாகி, துறைமுகத்துக்கே காமாலை கண்டதுபோல் இருந்தது.

திரையின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு உண்டு. அதைத் தாண்டி மீன் பிடிக்கக் கூடாது. தாண்டினால், எச்சரிக்கை சொல்லும் அதே பெட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

போன வருடம் அவர் தாண்டினார். அன்று திரைக்கு முன்னால் இருந்தவள் அவள்தான். மேலே தெரிவித்தாள். வேறென்ன செய்வாள்? அந்தப் பருவம் முழுக்கப் படகு கரையில் கட்டிக் கிடந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளை அரித்தது.

அதற்குப் பிறகு அந்தப் புள்ளி கோட்டின் பக்கமே போகவில்லை. தனக்காகத்தான் என்று அவள் நம்பினாள். வேலைக்கு நடுவே அந்தப் பச்சையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வதில் வெளியே சொல்ல முடியாத ஒரு சுகம் இருந்தது. வீட்டில் அவர் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. இங்கே, அவர் எங்கே இருக்கிறார் என்றாவது தெரிந்தது.

ஐந்தும் ஒட்டிக்கொண்டே வந்தன. படகுகளின் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு படிக்க முடியவில்லை. ஐந்துக்கும் ஒரே வேகம்.

அவருடைய கிழட்டு எஞ்சின் இந்த வேகம் போகுமா?

உயிர்ப்பயம் வந்தால் போகும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடிவானத்தில் கறுப்பு எழும்பத் தொடங்கியபோது, மீட்புக் கப்பலின் கேப்டன் ரேடியோவில் வந்தார். தெற்கே ஒரு சரக்குக் கப்பல் தத்தளிக்கிறதாம். “உங்க பக்கம் யாராச்சும் மிச்சம் இருக்காங்களாம்மா?”

“யாரும் இல்ல சார். எல்லாரும் துறைமுக வாசல்ல இருக்காங்க. நீங்க போங்க.”

பிறகு, வேலை நேரத்தில் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். திரையைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, படகுத்துறைக்கு இறங்கினாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றும் சொல்லப்போவதில்லை. சும்மா பார்த்தால் போதும்.

முதல் காற்று படிக்கட்டிலேயே முகத்தில் அறைந்தது.

தடுப்புச் சுவர்களுக்கு நடுவே ஒரு படகு நுழைந்தது. குட்டையனுடையது. ஆறடிக்கு மேல் வளர்ந்த பாவத்துக்குக் கிடைத்த பட்டப்பெயர் அது. அவள் கணவருக்கு உயிர்த்தோழன். புது எஞ்சின் சீறிக்கொண்டு வந்தது.

அவள் அதற்குப் பின்னால் பார்த்தாள்.

தண்ணீர்தான் இருந்தது. அதற்கும் பின்னால், கடலையும் வானத்தையும் சேர்த்துத் தைத்ததுபோல் மழை.

கரை தொட்டும் குட்டையன் கயிற்றைக் கட்டவில்லை. அவளைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். அவன் காலடியில், மீன் அள்ளும் பிளாஸ்டிக் கூடைக்குள், ஐந்து பெட்டிகள் சாய்ந்து கிடந்தன. ஐந்திலும் பச்சை விளக்கு.

“எங்க?” என்றாள்.

“கோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணி. நாலு பேரும். பெட்டிய எங்கிட்ட குடுத்துட்டுத்தான் எப்பவும் போவாங்க. வாக்கிடாக்கியில கூப்பிட்டுப் பாத்தேன். எட்டல.”

அவள் கையை நீட்டினாள். அவன் அவள் கணவருடைய பெட்டியைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“அவரப் பத்தி நீங்களே மேல சொல்ற சங்கடம் இனி உங்களுக்கு வேணாம்னாரு.”

சின்னத் திரையில் அவள் அனுப்பிய எச்சரிக்கை அப்படியே இருந்தது. உடனே கரை திரும்பவும்.

மீட்புக் கப்பல் இந்நேரம் தெற்கே வெகுதூரம் போயிருக்கும். ரேடியோவில் பிடிக்க வேண்டும். அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். படியேறும்போது மழை பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டது.

கதவைத் தள்ளியபோது, பக்கத்து மேசைப் பெண் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்:

“மாமா கரையேறிட்டாருக்கா. நம்ம வாசலுக்கே வந்துட்டாரு.”